சொல்லும் வேரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'காசு'தானே? (வாசகர், காரைக்குடி)

பதில்: பாதி சரி. ஆங்கிலத்தில் 'கேஷ்' இரண்டு உண்டு. ரொக்கத்தைக் குறிப்பது லத்தீன் 'காப்சா', அதாவது பெட்டி. அது இத்தாலியத்தில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'காஸ்' ஆகிப் பணப்பெட்டியைக் குறித்தது. பிறகு பெட்டிக்குள் கிடக்கும் பணத்துக்கே பெயராகிவிட்டது. இதற்கும் தமிழுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இன்னொன்று நம்முடையது. நம் செப்புக்காசைப் போர்ச்சுகீசியர் 'கைஷா' என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் 'கைஷா' என்றே பெயர். குழப்பம் தொடங்கியது அங்கேதான். ஆங்கிலேயர் வாயில் அது 'கேஷ்' ஆனது. நடுவே சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் இதே பெயரை வைத்தார்கள். சென்னையில் 1818 வரை 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் 'வராகன்' என்ற ஒரு பொன் நாணயம். அந்தக் காலத்துக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கணக்கைப் படிப்பவர்கள் சொல்லுக்கு முன்னால் எண் இருக்கிறதா என்று பாருங்கள். '40 கேஷ்' என்றிருந்தால் பெரும்பாலும் நாணயம். எண்ணில்லாமல் வந்தால் ரொக்கம்.

கேள்வி: எட்டு, 'எய்ட்' இரண்டும் ஒரே வேரா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: இல்லை. இன்றைய உருவத்தை வைத்து ஒப்பிடுவதுதான் தவறு. பழைய ஆங்கிலத்தில் அது 'எயாஹ்தா'. லத்தீனில் 'ஆக்டோ', வடமொழியில் 'அஷ்ட'. ஆங்கிலத்தில் நடுவில் இருந்த ககர ஒலி தேய்ந்துபோய், இப்போது எழுத்தில் மட்டும் 'gh' என ஊமையாக நிற்கிறது. தமிழில் வேர் 'எண்'. எண்பது, எண்ணூறு இரண்டிலும் ணகரம் தெளிவாகத் தெரிகிறது. கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. ணகரமும் டகரமும் சேர்ந்து இரட்டித்ததால் நமக்கு 'எட்டு'. அங்கே தேய்ந்தது ககரம், இங்கே மறைந்தது ணகரம்; இரண்டும் வந்து சேர்ந்த இடம் மட்டும் ஒன்று. ஒரு சொல்லைச் சோதிக்க அதன் தொகைச் சொற்களையும் அண்டை மொழிகளையும் முதலில் பாருங்கள். அகராதி பிறகு.

கேள்வி: மங்குச் சாமான், கவுனி அரிசி எல்லாம் தமிழ்ப் பெயர்களா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: எனாமல் பூசிய பாத்திரத்தைக் குறிக்கும் 'மங்கு' என்பது 'மங்குதல்' அல்ல. மலாயில் 'மங்குக்' என்றால் கிண்ணம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்கள் பாத்திரத்தோடு பெயரையும் கொண்டுவந்தார்கள். இங்கே தட்டு, தூக்குச்சட்டி எல்லாவற்றுக்கும் அதுவே பெயரானது.

கவுனி பர்மாவிலிருந்து வந்தது. பர்மியச் சொல் 'கவுக்ஞின்', பசையரிசி என்று பொருள். கருப்புக் கவுனியைப் பார்த்துப் பலர் நினைப்பதுபோல் கருப்பு என்ற பொருள் அதில் இல்லை. ஒட்டும் தன்மையை வைத்து வந்த பெயர்.