‘டெலிவரி’ என்றால் எந்த இடத்தில்?

திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்பும் நீங்கள் ‘டெலிவரி பை 15 ஜூன்’ என்று எழுதியதை, ஜெர்மானிய வாடிக்கையாளர் சரக்கு தம் கிடங்கை வந்தடையும் நாளாக எடுத்துக்கொண்டார் என்கிறீர்கள். குழப்பம் தேதியில் இல்லை, ‘டெலிவரி’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. உங்கள் விலை எஃப்.ஓ.பி. தூத்துக்குடி (அந்தத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றித் தருவது வரையிலான விலை) என்பதால், இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற பன்னாட்டு வணிக விதிகளின்படி அங்கே கப்பலில் சரக்கு ஏற்றப்பட்டதும் உங்கள் ஒப்படைப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் கடிதம் படிப்பவர் அதை நினைவில் வைத்திருப்பார் என்று நம்ப முடியாது. ஆகவே, ‘வீ வில் லோட் த கூட்ஸ் ஆன் போர்டு அட் தூத்துக்குடி ஆன் ஆர் பிஃபோர் 15 ஜூன், ப்ரொவைடட் வீ ரிசீவ் யுவர் சாம்பிள் அப்ரூவல் பை 20 ஏப்ரல்’ என்று இடத்தையும் நிபந்தனையையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். சாயப்பட்டறையிலிருந்து துணி வரும் நாள் உறுதியாகாதபோது ‘வீ வில்’ வேண்டாம். ‘வீ எக்ஸ்பெக்ட் டு’ என்பதே நேர்மையானது. மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 5/6 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.