இரண்டையும் 'சீர்திருத்த சபை' என்றே எழுதலாமா?

கேள்வி: எங்கள் சபை இதழுக்காக நெதர்லாந்து திருச்சபை வரலாறு பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். "1926இல் போதகர் கேல்கெர்க்கனைச் சீர்திருத்த சபை நீக்கியது. அவரைப் பின்பற்றியவர்கள் 1946இல் சீர்திருத்த சபையில் இணைந்தார்கள்" என்று வருகிறது. விலக்கிய சபைக்கே திரும்பிப் போனார்களா?

பதில்: இல்லை. நீக்கியது ஒரு சபை, அவர்கள் போய்ச் சேர்ந்தது வேறொரு சபை. டச்சு மொழியில் முதலாவதன் பெயர் 'கெரெஃபோர்மேர்ட்', இரண்டாவதன் பெயர் 'ஹெர்ஃபோர்ம்ட்'. இரண்டுக்கும் பொருள் 'சீர்திருத்தப்பட்ட' என்பதுதான். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுவதால், அதன் வழியே தமிழுக்கு வரும்போது குழப்பமும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே இவற்றை மொழிபெயர்க்க வேண்டாம். பெயராகவே தமிழ் எழுத்தில் எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

ஹெர்ஃபோர்ம்ட் சபை பழைய பொதுச் சபை. அதிலிருந்து 1834இல் ஒரு கூட்டம் பிரிந்தது. 1886இல் ஆபிரகாம் கைப்பர் தலைமையில் இன்னொரு கூட்டம் வெளியேறியது. (1901 முதல் 1905 வரை நாட்டின் பிரதமராக இருந்தவரும் இதே கைப்பர்தான்.) இவ்விரு கூட்டத்தாரில் பெரும்பாலோர் 1892இல் ஒன்றானார்கள். அந்த ஐக்கியமே 'கெரெஃபோர்மேர்ட் சபைகள்'. பன்மையைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன்னளவில் முழுமையான திருச்சபை என்பது அவர்களின் கொள்கை. ஹெர்ஃபோர்ம்ட் சபையோ ஒருமை. மூலத்தில் பெயர் ஒருமையா பன்மையா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதிக்கு ஆண்டைப் பார்க்க வேண்டும். 1816இல் மன்னர் முதலாம் வில்லெம் புதிய ஒழுங்குமுறை கொண்டுவரும்வரை அந்தப் பொதுச் சபையே கெரெஃபோர்மேர்ட் என்றுதான் அழைக்கப்பட்டது. இலங்கையின் டச்சுக்கால ஆவணங்களில் அந்தச் சொல்லைக் கண்டால் கைப்பரின் சபை என்று நினைத்துவிடாதீர்கள். 1906இல் தோன்றிய 'கெரெஃபோர்மேர்ட் போண்ட்' பெயரளவில் இன்னும் ஏமாற்றும். அது ஹெர்ஃபோர்ம்ட் சபைக்குள்ளேயே இயங்கிய சங்கம்.

கேல்கெர்க்கன் விவகாரத்தில் இன்னொன்றையும் கவனமாக எழுதுங்கள். இவர் ஆம்ஸ்டர்டாம் தெற்குச் சபையின் போதகர். ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தை வைத்து 1924இல் செய்த பிரசங்கம் பற்றிப் புகார் எழுந்தது. 1926இல் அசென் நகரில் கூடிய சினாட் (சபைகளின் பொது ஆளுகை மன்றம்), ஏதேனின் விருட்சமும் சர்ப்பமும் அது பேசியதும் புலன்களால் அறியத்தக்க உண்மைகள் என்று அறிவித்தது. அவர் அந்த அறிவிப்புக்குக் கட்டுப்பட மறுத்தார். அதனால் பதவி போனது. 'சர்ப்பம் பேசியதை மறுத்தவர்' என்று பலர் சுருக்கிவிடுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம் என்பேன். அந்தப் பகுதியை எப்படி விளங்கிக்கொள்வது என்பதற்கு இடம் விட வேண்டும் என்றுதான் அவர் வாதாடினார். 1967இல் அதே சபைகளின் சினாட், அசென் அறிவிப்பு இனி யாரையும் கட்டுப்படுத்தாது என்று முடிவெடுத்தது.

உங்கள் வரியை இப்படி மாற்றலாம்: "1926இல் கெரெஃபோர்மேர்ட் சபைகளின் சினாட் கேல்கெர்க்கனைப் பதவியிலிருந்து நீக்கியது. அவரோடு வெளியேறியவர்கள் தனி ஐக்கியமாக இயங்கி, 1946இல் ஹெர்ஃபோர்ம்ட் சபையில் இணைந்தார்கள்." 2004இல் இவ்விரு சபைகளும் லுத்தரன் சபையோடு சேர்ந்து நெதர்லாந்து புராட்டஸ்டண்ட் திருச்சபையாகிவிட்டன என்பதை அடிக்குறிப்பில் போடுங்கள்.