மலைப் பண்ணையில் ஒரு வாரம்

கேள்வி: டாலஸில் வசிக்கிறோம். ஜூலையில் மதுரையிலிருந்து வரும் என் பெற்றோரையும் எங்கள் ஏழு வயது மகளையும் கொலராடோ மலையில் ஒரு குடும்பம் நடத்தும் குதிரைப் பண்ணையில் தங்க வைக்க விரும்புகிறேன். பண்ணை 8,500 அடி உயரத்தில் உள்ளது. அப்பாவுக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அம்மா சுத்த சைவம். அங்கே ஒரு வாரம் கட்டாயம் என்கிறார்கள். மூன்று நாள் மட்டும் தங்கக்கூடிய வேறு பண்ணையைத் தேடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தேட வேண்டாம், ஒரு வாரமே தங்குங்கள். 1880களில் வடக்கு டகோட்டாவில் ஈட்டன் சகோதரர்கள் மூவர், தங்கள் பண்ணைக்கு வந்து நெடுநாள் தங்கிய நண்பர்களிடம் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் பணம் பெறத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதான் பண்ணையில் விருந்தினராகத் தங்கும் இந்த வழக்கம். பின்னர் 1904இல் அவர்கள் வயோமிங்குக்கு இடம்பெயர்ந்தார்கள். வீட்டாரோடு ஒரே பந்தியில் உண்டு, அவர்களுடைய வேலை நேரத்துக்கு நம்மைப் பழக்கிக்கொள்வதே இன்றும் இத்தகைய பண்ணைகளின் உயிர். அந்தப் பழக்கம் வருவதற்குள் மூன்று நாள் முடிந்துவிடும்.

இதைவிட முக்கியமானது உயரம். சில நூறு அடி உயரமே உள்ள டாலஸிலிருந்து ஒரே நாளில் 8,500 அடிக்கு ஏறினால், இளைஞர்களுக்கே தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் வரக்கூடும். ஆகவே 5,280 அடி உயரத்தில் உள்ள டென்வரில் இரண்டு இரவு தங்கிவிட்டு மேலே செல்லுங்கள். உயரத்தில் ரத்த அழுத்தம் கூடக்கூடும் என்பதால், அப்பா மதுரையில் விமானம் ஏறுவதற்கு முன்பே தம் மருத்துவரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லி, மாத்திரை அளவு குறித்துக் கேட்டுக்கொள்ளட்டும். முதல் இரண்டு நாள் அவர் மெதுவாக நடப்பதும், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிப்பதும் போதும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் உடனே கீழே இறக்கி மருத்துவரிடம் காட்டுங்கள்.

குதிரையைப் பற்றி அஞ்ச வேண்டாம். வந்தவுடன் உயரம், எடை, முன் அனுபவம் ஆகியவற்றைக் கேட்டு, பெரும்பாலும் வாரம் முழுவதற்கும் ஒரே குதிரையைத் தருவார்கள். எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். சுமை மிகுந்தால் வருந்துவது அந்த வாயில்லா ஜீவன்தான். சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் பாதம் நழுவிப் போகாதபடி, சிறிய குதிகால் உள்ள காலணி அனைவருக்கும் வேண்டும். பெரும்பாலான பண்ணைகள் ஆறு வயதிலிருந்தே பிள்ளைகளை மலைப்பாதைச் சவாரிக்கு அனுமதிக்கின்றன என்றாலும், உங்கள் பண்ணையின் விதியை முன்கூட்டியே கேளுங்கள். ஜூலையில் பிற்பகலில் இடியும் மின்னலும் வழக்கம் என்பதால் நீண்ட சவாரியைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஏற விரும்பாவிட்டால் தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்; காலையில் மந்தையை லாயத்துக்கு ஓட்டி வருவதை வேலியோரம் நின்று பார்ப்பதும் அவருக்கு நிறைவான அனுபவமே.

அம்மாவின் உணவைப் பற்றி இப்போதே எழுதிவிடுங்கள். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் கோழிச்சாறு ஊற்றிய சூப்பும் பன்றிக்கொழுப்பு சேர்த்த பீன்ஸும் வரக்கூடும். இறைச்சி, மீன், முட்டை, எலும்புச்சாறு, விலங்குக் கொழுப்பு எதுவும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கையோடு இருக்கட்டும். இரவில் குளிரும், ஆகவே அப்பா, அம்மா இருவருக்கும் கம்பளிச் சட்டையும் எடுத்து வையுங்கள்.