பொய் சொல்லி வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

கனடா இன்னும் அகதிகளை ஏற்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் எண்பதுகளில் வந்தவன். பகலில் கோப்பை கழுவி, இரவில் தொழிற்சாலையில் நின்று குடும்பத்தைக் கரையேற்றினேன். இன்று வருகிறவர்கள் கதை கட்டி, பொய் சொல்லி நுழைகிறார்கள். என் மகனுக்கு டொராண்டோவில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. இது எந்த ஊர் நியாயம்?

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாடகை பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அதை அகதியின் தலையில் கட்ட வேண்டாம். 2023 இறுதியில் ஸ்டூடண்ட் விசாவில் இருந்தவர்களே பத்து லட்சத்துக்கும் மேல். அடுத்த மாதமே அரசு அதற்கு வரம்பு வைத்தது. அதே 2023 கோடையில் அகதிகள் டொராண்டோ பீட்டர் தெருவில், நகராட்சியின் தங்குமிட அலுவலக வாசலில், நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். செலவு யாருடையது என்று நகராட்சிக்கும் மத்திய அரசுக்கும் இழுபறி. கடைசியில் கறுப்பின மக்களின் தேவாலயங்கள்தான் அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டன.

அப்புறம், அந்தப் பொய். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டு காப்பாற்றினார். இந்தியாவிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். சில நாளில் குட்டு உடைந்தது: கப்பல் ஏறியது மேற்கு ஜெர்மனியில். நாடே கொதித்தது. பொய்யர்கள், வரிசையில் முண்டியடித்து வந்தவர்கள், திருப்பி அனுப்பு என்றார்கள். பிரதமர் மல்ரோனி அனுப்பவில்லை. தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கொடுத்தார்கள். வந்த வழியைப் பற்றி அவர்கள் சொன்னது பொய்தான். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் எரிந்த தமிழர் வீடுகள் பொய்யா?

பொய்யையும் உண்மையையும் பிரித்தறிய விசாரணை ஒன்றுதான் வழி. கனடா மண்ணில் நின்று அடைக்கலம் கேட்பவரை நேரில் விசாரிக்காமல் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் தலைமுறைக்குக் காப்பாக நின்றது அந்தத் தீர்ப்புதான். விசாரித்து, பொய் என்று தெரிந்தால் அனுப்பட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 2023 மார்ச்சில் அமெரிக்காவுடனான அகதி ஒப்பந்தத்தை எல்லை முழுவதற்கும் விரித்து, கியூபெக் எல்லையில் அகதிகள் நடந்து வந்த ராக்ஸம் சாலையை அடைத்த பிறகு, அமெரிக்க எல்லை வழியாக நடந்து வருகிறவர்களில் பெரும்பாலோரை வந்த வழியை மட்டும் பார்த்தே திருப்பிவிடுகிறார்கள். ஜெர்மனியுடனும் அப்படி ஓர் ஒப்பந்தம் 1986-ல் இருந்திருந்தால் அந்த 155 பேரின் கதி என்ன?

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. 2024 இறுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அகதி மனுக்கள் முடிவாகாமல் கிடந்தன. பொய் சொன்னவர் அதுவரை ஹாயாக இருக்கிறார். உண்மையிலேயே உயிருக்குப் பயந்து வந்தவர் ஊரில் விட்டுவந்த பிள்ளைகளை அழைக்க முடியாமல் தவிக்கிறார். உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். விசாரணைக்கு ஆள் கூட்டச் சொல்லுங்கள். நிறையப் பேர் எழுதினால் அசைவார்கள்.