கதிர்வீச்சு முடிந்த பிறகும் தோல் கருப்பது ஏன்?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு முடிந்து பத்து நாளாகிறது, தோல் முன்பைவிடக் கருத்து எரிகிறது, ஏதும் தப்பாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது வழக்கமானதுதான். கதிர்வீச்சின் வேலை கடைசி நாளோடு நிற்பதில்லை. முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில்தான் தோல் பாதிப்பு உச்சத்துக்குப் போகும். அப்புறம் மெல்ல ஆறும். நிறம் மங்க மாதக்கணக்காகலாம்.

என் மதினிக்கும் இப்படித்தான். பாளையங்கோட்டை வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்: மஞ்சள் பூசு, எண்ணெய் காய்ச்சித் தடவு. அந்த இடத்தில் கைவைத்தியமே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, டாக்டர் எழுதிய களிம்பு, தொளதொளவென்ற பருத்தித் துணி, அவ்வளவுதான். தோல் உரிந்திருந்தால் ஆறும்வரை தாமிரபரணிக் குளியலைத் தள்ளிப்போடுங்கள். நம் ஊர் சித்திரை வெயில் அங்கே படவே கூடாது.

சோர்வு சில வாரம், சிலருக்குச் சில மாதம்கூட இருக்கும். படுத்தே கிடந்தால் கூடத்தான் செய்யும். வெயில் தாழ்ந்தபின் தெருக்கோடிவரை நடக்கட்டும். தோள் இறுகாமலிருக்க, சொல்லிக் கொடுத்த பயிற்சிகளை விடக் கூடாது.

காய்ச்சல், சீழ், கை வீக்கம் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். சில மாதம் கழித்து வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தாலும் கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்லிக் காட்டுங்கள்.

பேரப்பிள்ளையை மடியில் வைக்க அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுத்த கதிர்வீச்சு உடம்பில் தங்காது. தாராளமாகக் கொஞ்சட்டும்.