12000-க்கு மேலே ஒரு கோடு

ஐயா,
காட்பாடியில் வீட்டுச் சிமுலேட்டரில் போயிங் 737 பழகுகிறேன். இறங்கும்போது ஒரு புள்ளியில் 12000 அடி, அங்கிருந்து 6 கடல் மைலில் அடுத்த புள்ளியில் 9000 அடி என்று, விமானக் கணினியில் பாதைப் புள்ளிகளைக் காட்டும் லெக்ஸ் பக்கத்தில் போட்டேன். முதல் புள்ளியைச் சரியாகக் கடக்கிறது. இரண்டாவதில் எப்போதும் உயரமாகவே போகிறது, ‘டிராக் ரிக்வயர்டு’ (காற்றுத்தடை தேவை) என்று செய்தியும் வருகிறது. உயரப் பாதையைத் தானாகப் பின்பற்ற வேண்டிய விநாவ் (VNAV) ஏன் கேட்பதில்லை? சார்ட்டில் (வருகைப் பாதை வரைபடத்தில்) 12000-க்கு மேலே மட்டும் ஒரு கோடு இருக்கிறது, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
— காட்பாடி வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

தொடர்பு அதில்தான் இருக்கிறது. எண்ணுக்கு மேலே மட்டும் கோடு இருந்தால் ‘அந்த உயரம் அல்லது அதற்குக் கீழே’. கீழே மட்டும் இருந்தால் ‘அந்த உயரம் அல்லது அதற்கு மேலே’. இரண்டு பக்கமும் இருந்தால்தான் ‘சரியாக அதே உயரம்’. நீங்கள் வெறும் 12000 என்று போட்டதால், ‘சரியாக 12000’ என்று சார்ட் கேட்காத கட்டாயத்தை எஃப்எம்சிக்கு, அதாவது விமானக் கணினிக்கு, கொடுத்துவிட்டீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 6 மைலில் 3000 அடி என்றால் மைலுக்கு 500 அடி, ஏறத்தாழ 4.7 பாகைச் சரிவு. வழக்கமான 3 பாகைக்கு மைலுக்கு 318 அடிதான். போதாததற்கு 10000 அடிக்குக் கீழே போகுமுன் வேகம் 250 நாட்டுக்கு வர வேண்டும். மட்டமாகப் பறந்தால் 10 நாட் குறைய சுமார் ஒரு மைல் பிடிக்கும். 290-இல் வந்தால் அதற்கே 4 மைல் போய்விடும். 737 வழுக்கிக்கொண்டே போகும் விமானம். சரிவையும் வேகக் குறைப்பையும் ஒரே சமயத்தில் செய்யாது. பின்காற்று இருந்தால் இன்னும் மோசம்.

9000-இலிருந்து பின்னோக்கி 6 மைல் 3 பாகையில் ஏற்றினால் முதல் புள்ளியில் 10900 அடி வருகிறது. அதுவும் 12000-க்குக் கீழேதானே! ஸ்க்ராட்ச்பேடில் (திரையின் அடிவரியில்) 12000-ஐ அடித்து, ஒட்டியே ‘அல்லது கீழே’ என்பதைக் குறிக்கும் பி (B) எழுத்தைச் சேர்த்து, அந்தப் புள்ளிக்கு வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, எக்ஸிக்யூட் செய்யுங்கள். வேகம் குறையவும் இடம் வேண்டும் என்பதால் எஃப்எம்சி 10900-க்கும் கீழே பாதை போடலாம். அது சரிதான்.

ஆனால் கீழ்க்கோட்டு எண்ணைத் தளர்த்தவே கூடாது. ஜவ்வாது மலையில் காவலூர் 725 மீட்டர், ஏறத்தாழ 2400 அடி. அப்படிப்பட்ட மேட்டுக்கு மேலே வரும் பாதையில் அந்த எண் தரையிலிருந்து காக்கிறது.

இன்னொன்று, இதை மிக முக்கியமாகச் சொல்கிறேன்: இன்னும் உயரமாகவே இருக்கிறோம் என்று விநாவை விட்டு லெவல் சேஞ்ச் அல்லது வெர்டிகல் ஸ்பீடு என்ற இறங்கு முறைகளுக்கு மாறினால், விமானம் எந்தக் கட்டுப்பாட்டையும் பார்க்காது, எம்சிபி (தானியங்கி விமானியின் பலகை) ஜன்னலில் உள்ள உயரம்வரை இறங்கிக்கொண்டே போகும். மாறுமுன் ஜன்னலில் அடுத்த கட்டுப்பாட்டு உயரத்தை வையுங்கள். ஓடுபாதையோ வருகைப் பாதையோ மாற்றி மீண்டும் ஏற்றினால், நீங்கள் கையால் போட்ட எண்கள் போயிருக்கலாம். சார்ட்டை வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள்.

மனக்கணக்குக்கு: வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 60 கடல் மைல். 1000 அடி இறங்க 3 மைல் என்று மூன்றால் வகுத்தால் 20000 அடி. வேகம் குறைக்க 8 மைலாவது விட்டுவிட்டால் 17000 அடிக்குச் சற்று மேலே. அங்கே 22000-இல் இருந்தால், திரை என்ன சொன்னாலும், காற்றுத்தடையைக் கூட்டும் ஸ்பீடு பிரேக்கில் கை வைத்திருங்கள்.