பி.எட் படிக்கும்போதே மைக்ரோ கிரெடென்ஷியல் எடுக்கலாமா?

பி.எட் முதல் வருஷம் கணக்கு படிக்கிற ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "ஆன்லைன்ல சின்னச் சின்ன கோர்ஸ் முடிச்சா மைக்ரோ கிரெடென்ஷியல் தர்றாங்க. கூடப் படிக்கிறவங்க நிறைய சேத்து வச்சிருக்காங்க. நானும் சேக்கணுமா, காசு கட்டலாமா, வேலைக்கு உதவுமா?"

வேலை விஷயத்த முதல்ல பேசிடுவோம்மா. அரசுப் பள்ளி வேலைக்கு இது எதுவும் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டுக்குப் பதிலா நிக்காது. பொதுப் பிரிவுன்னா டெட்ல 150க்கு 90 எடுத்தே ஆகணும், அதுக்கு மேல ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்துற போட்டித் தேர்வு வேற இருக்கு, அதனால அந்தப் படிப்புக்கான நேரத்த தின்னுட்டு சர்டிஃபிகேட் சேக்காதீங்க.

அப்போ எதுக்குத்தான் எடுக்கணும்? ஒரே ஒரு திறமைய எடுத்துக்கிட்டு, அது உங்களுக்குக் கைவந்துடுச்சுன்னு யாராவது சோதிச்சுப் பாத்துக் குடுத்தாதான் அது மைக்ரோ கிரெடென்ஷியல். வீடியோவ ஓடவிட்டு, கடைசியில நாலு கேள்விக்கு டிக் அடிச்சா வர்றது வெறும் வருகைப் பதிவு. அமெரிக்காவுல டிஜிட்டல் பிராமிஸ்னு ஒரு அமைப்பு ஆசிரியர்களுக்குத் தர்றதப் பாருங்க, வகுப்புல நீங்க செஞ்சதுக்கான ஆதாரம், பசங்க எழுதினதோட சாம்பிள், அதுல இருந்து நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்கன்னு ஒரு குறிப்பு எல்லாம் அனுப்பணும், மதிப்பீட்டாளர் அதப் படிச்சுப் பாத்துதான் குடுப்பாங்க. நீங்க எந்த கோர்ஸ் எடுத்தாலும் இந்த ஆதாரத்த நீங்களாவே சேக்கலாம், கோர்ஸ் கேக்கலன்னாலும் சேருங்க.

அதுக்கு உங்ககிட்ட அருமையான வாய்ப்பு இருக்கு. ரெண்டு வருஷ பி.எட்ல பள்ளி இன்டர்ன்ஷிப் மொத்தம் 20 வாரம், அதுல 16 வாரம் ரெண்டாம் வருஷத்துல வருது. அதுக்கு முன்னாடி வகுப்புல கேள்வி கேக்குறது பத்தியோ, கத்துக்கிட்டு இருக்கும்போதே மதிப்பிடுறது பத்தியோ ஒரு கோர்ஸ் முடிச்சிடுங்க. அப்புறம் ஏழாம் வகுப்புல முழுக்கள் நடத்தும்போது, −3ல இருந்து −5அ கழிக்கச் சொன்னா சில பசங்க −8னு எழுதுவாங்க, உடனே தப்புன்னு அடிக்காம எப்படி வந்துச்சுன்னு கேளுங்க, அவங்க சொன்னத குறிச்சு வைங்க, மறுநாள் நீங்க என்ன மாத்தி நடத்துனீங்க, அதுக்கப்புறம் நோட்டுல என்ன மாறுச்சுன்னு எழுதுங்க. ரெண்டு பக்கம் போதும். தனியார் பள்ளி இன்டர்வியூல பத்து ஆன்லைன் சர்டிஃபிகேட்ட விட இந்த ரெண்டு பக்கம் பேசும்னு நான் உறுதியா நம்புறேன். ஒண்ணு மட்டும் கவனம், பிள்ளைங்க முகமோ பேரோ தெரியுற போட்டோவ எங்கயும் ஏத்தாதீங்க, நோட்டப் படம் எடுக்குறதுக்கும் தலைமையாசிரியர்கிட்ட கேட்டுட்டு எடுங்க.

எங்க படிக்கிறதுன்னா, முதல்ல மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளமான ஸ்வயம் பாருங்க. படிக்க காசு இல்ல, சர்டிஃபிகேட்டுக்கான தேர்வு எழுதினா மட்டும்தான் ஃபீஸ். ஆசிரியர் பயிற்சி கோர்ஸ்களுக்குன்னே சென்னை தரமணில இருக்கிற தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனமான என்ஐடிடிடிஆர் அதுல ஒருங்கிணைப்பாளரா இருக்காங்க. ஸ்வயம்ல ஐஐடிகள் சேர்ந்து நடத்துற என்பிடெல் கோர்ஸ்னா அசைன்மென்டுக்கு 25, நேர்ல போய் எழுதுற தேர்வுக்கு 75 மார்க், அதனாலதான் அதுக்கு மதிப்பு. தமிழ்ல படிக்கணும்னா பள்ளிக் கல்விக்கான மத்திய அரசோட ஆன்லைன் தளமான தீக்‌ஷால தேடுங்க, அது இலவசம்.

கிரெடிட், அதாவது முடிச்ச கோர்ஸ உங்க டிகிரி கணக்குல சேக்குற விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பல்கலைக்கழக மானியக் குழுவோட (யுஜிசி) 2021 விதிப்படி ஒரு செமஸ்டர் பாடங்கள்ல 40 சதவீதம் வரைக்கும் ஸ்வயம் வழியா எடுக்கலாம், ஆனா உங்க பல்கலைக்கழகம் அந்தக் குறிப்பிட்ட கோர்ஸ ஏத்துக்கணும். சேந்துட்டு அப்புறம் கேக்காம, முன்னாடியே காலேஜ்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. நீங்க வாங்குற கிரெடிட்ட ஆன்லைன்ல சேத்து வைக்கிற கணக்கு எண்ணான ஏபிசி ஐடியும், அரசோட டிஜிலாக்கர் ஆப்ல இப்பவே போட்டு வைங்க.

தனியார் கம்பெனி ஆயிரக்கணக்குல கேட்டா, யார் மதிப்பிடுறாங்க, எத்தனை மணி நேர வேலை, சர்டிஃபிகேட் உண்மையான்னு மத்தவங்க சரிபாக்க லிங்க் இருக்கானு கேளுங்க. மூணுல ஒண்ணுக்கு பதில் மழுப்பலா வந்தாலும் கட்டாதீங்க. செமஸ்டருக்கு ஒண்ணு, அவ்ளோதான், அதுவும் பரீட்சை மாசத்துல முடியாத மாதிரி பாத்து எடுங்க.